அரிப்பு அடங்கிற்று, நோய் அடங்கிற்றா?

மாசி மகத்தையொட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலில் நடைபெறும் தேர்த் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்படாத மலையகத் தமிழர் இலர் எனலாம். ஐந்து தேர்கள் நகர வீதிகளில் அசைந்து வரும் அக்காட்சியைக் காணத் தொலைவிலுள்ள தோட்டங்களிலிருந்தும் குடும்பங் குடும்பமாக மக்கள் வந்து குவிவர். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்விழாவுக்குச் சென்று, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் நண்பர் இல்லத்தில் தங்கினோம். தேரன்று காலை வீட்டார் யாவரும் புத்தாடை உடுத்திப் புறப்பட்டு நிற்க, உயர்தர வகுப்பிற் பயிலும் மூத்த மகள் மட்டும் அறையை விட்டு வெளியே வரவில்லை. "தலைவலியாம்" என்றார் நண்பர். அவருடைய மனைவியோ நம்மைச் சற்று ஒதுக்கி அழைத்து, "தலைவலியெல்லாம் இல்லேண்ணே. முகத்தைக் காட்ட வெக்கப்படுறா. நீங்க பேப்பர்ல இந்த மாதிரி விஷயமெல்லாம் எழுதுறீங்களே, ஒரு தடவை பாருங்க" என்றார்.

பார்த்தோம். கன்னங்கள் இரண்டும் வெயிலிற் கன்றியவை போற் சிவந்திருந்தன. தோல் மெலிந்து, அதனூடே நூலிழை போன்ற செந்நிற நரம்புகள் தெரிந்தன. மோவாயைச் சுற்றிச் சிறு பருக்கள் நெருங்கிக் கிடந்தன. வெயிலிற் போனாலும் அடுப்பருகில் நின்றாலும் முகம் எரிகின்றதென அப்பிள்ளை சொன்னாள். கழுத்தின் பின்புறத்தில் உள்ளங்கையளவு பரவிய ஒரு கறையும் இருந்தது. அதற்கு விளிம்பென ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலவில்லை.

"என்ன பூசினீர்கள்?" என்று கேட்டோம். அலமாரியின் மேற்றட்டிலிருந்து அந்தத் தாய் ஒரு சிறு டியூபை எடுத்துவந்தார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி அதன் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. பெயர் எழுதியிருந்த இடம் பல கைகள் பட்டுத் தேய்ந்து போயிற்று. அயல் வீட்டார் ஒருவருக்குக் கால்கரப்பனுக்காக வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தாம் அது. அவருக்கு நன்றாகக் குணமானதனால், அதே பெயரைச் சொல்லிக் கடையிற் புதிதாக வாங்கி, நாலைந்து வீட்டார் பயன்படுத்தினராம். பிள்ளையின் கழுத்திலே முதன்முதல் வட்டமாக ஒரு படை எழுந்தபோது அதனைப் பூசியிருக்கின்றனர். "மூணு நாள் போட்டா காணாமப் போயிரும்ணே. விட்டா பழையபடி வந்திரும்" என்றார் தாய். பின்னர்ப் பருவுக்கும் அது நல்லதெனக் கருதிப் பிள்ளை முகத்திலும் பூசத் தொடங்கினாள். முதல் மாதம் முகம் வெளுத்துப் பளபளத்தது. பள்ளித் தோழியர் காரணம் கேட்டனர். அதன் பின்னரே இந்நிலை.

அன்று அத்தாய் சொன்ன சொல்லே இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள். பூசினால் மறைகின்றது, விட்டால் வருகின்றது என்றால், அம்மருந்து செய்ததுதான் என்ன?

மருந்தின் பிறப்பு

அந்த டியூபில் இருந்தது ஸ்டீரோயிட் வகையைச் சேர்ந்த களிம்பு. நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி வைத்தாற்போல் இரு சிறிய சுரப்பிகள் அமைந்துள்ளன. அவை சுரக்கும் ஓமோன்களுள் ஒன்றின் வழித்தோன்றல்களே இம்மருந்துகள். அமெரிக்காவில் ரொச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு 1948 செப்டெம்பரில் பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர் கோட்டிசோனை ஊசி மூலம் ஏற்றினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடமாடினார். இச்சுரப்பியின் ஓமோன்களை ஆராய்ந்தமைக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஊசியால் இத்துணை நன்மை செய்த கோட்டிசோன், தோலின் மேற் பூசியபோது பயனற்றுப் போயிற்று. உடலினுள்ளே, சிறப்பாக ஈரலில், உருமாறிய பின்னரே அது வேலை செய்யவல்லது என்பதே காரணம். அவ்வாறு உருமாறிய வடிவமாகிய ஹைட்ரோகோட்டிசோனைக் களிம்பாக்கிப் பூசினால் கரப்பன் தணிகின்றது என்பதை 1952 இல் அமெரிக்கத் தோல்நோய் வைத்தியர்களான சல்ஸ்பேர்கரும் விற்றனும் வெளியிட்டனர். தோல் மருத்துவத்தில் அஃதொரு புதிய காலத்தைத் தொடக்கிவைத்தது. அதுகாறும் தார் எண்ணெயையும் உவர்நீர்க் கட்டுகளையுமே நம்பியிருந்தோர்க்குச் சில நாட்களிலேயே ஆறுதல் கிடைத்தது. பின்னர் பீற்றாமெதசோன், மொமெற்றசோன், குளோபெற்றசோல் என வலிமை கூடிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இவை மென்மையானவை, நடுத்தரமானவை, வலியவை, மிக வலியவை என நான்காக வகுக்கப்படுகின்றன. முதல் வகையைச் சார்ந்த ஹைட்ரோகோட்டிசோனுக்கும் இறுதி வகையைச் சார்ந்த குளோபெற்றசோலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பலநூறு மடங்காகும். கடைத் தட்டில் இரண்டும் ஒரே அளவான டியூபில் அருகருகே இருத்தல் கூடும். உருவத்தைக் கண்டு வலிமையை அறிதல் இயலாது.

காவல்நாயின் குரைப்பு

இம்மருந்து செய்யும் வேலையை எளிய உவமையாற் கூறுவோம். தோல் சிவத்தல், வீங்குதல், அரித்தல் ஆகியவற்றை வைத்தியர்கள் அழற்சி என்பர். நோய்க் கிருமியைக் கண்டதும் உடலின் காவற்படை எழுப்பும் ஆரவாரமே அது. வீட்டுக் காவல்நாய் குரைப்பதைப் போன்றது எனலாம். சிலருடைய உடலில் அக்காவல்நாய் கள்வன் எவனும் வராதபோதும் தன் நிழலைக் கண்டே இரவெல்லாம் குரைக்கும். கரப்பன், சொரியாசிஸ் என்னும் செதிற்படை, சவர்க்காரமோ செருப்பின் இறப்பரோ ஒவ்வாமையால் எழும் தடிப்பு ஆகியன இத்தகையவை. அங்கே நாயை அதட்டி அடக்குதல் தக்கதேயாம். ஸ்டீரோயிட் களிம்பு அதனைத்தான் செய்கின்றது.

ஆனால் படை அத்தகையதன்று. பங்கசு எனப்படும் பூஞ்சணம் தோலின் மேற்படையிற் குடியேறி, அதனைத் தின்று வளர்வதனால் உண்டாவது அது. அங்கே கள்வன் உண்மையாகவே வீட்டுக்குள் இருக்கின்றான். அவ்வேளையில் நாயின் வாயைக் கட்டினால் வீடு அமைதியாகிவிடும். அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும். கள்வனோ தன் வேலையை முன்னினும் வசதியாகச் செய்துகொண்டிருப்பான்.

இதுவே அத்தாய் கண்ட மூன்று நாள் மாயம். மருந்தை நிறுத்தியதும் காவல் மீண்டும் விழிக்கின்றது. அதற்குள் படை பரந்துவிட்டமையால் அரிப்பு முன்னையினும் மிகுகின்றது. மீண்டும் பூசுகின்றனர், மீண்டும் அடங்குகின்றது. இவ்வாறு பல மாதங்கள் சென்றபின், படைக்கே உரிய வட்டமான சிவந்த விளிம்பும் மறைந்து, நோய் வேறேதோ போல் உருமாறிவிடும். இந்த மாறுவேடத்தை 1968 இல் ஐவ், மாக்ஸ் என்னும் இரு ஆங்கில வைத்தியர்கள் எடுத்துக்காட்டி, 'அடையாளம் மறைந்த படை' என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிற் பெயரிட்டனர்.

மாத்தளை மாவட்டத்தின் மலைச்சாரல்களிற் படைக்கு இடங்கொடுக்கும் சூழ்நிலைக்குக் குறைவில்லை. மழையில் நனைந்து கொழுந்து கொய்யும் பெண்களின் இடுப்பிலே படங்கு கட்டிய இடத்தில் ஈரம் நாள் முழுதும் தங்குகின்றது. ஏலக்காய், மிளகுத் தோட்டங்களிலும் வயலிலும் வேலை செய்வோர் நிலையும் அதுவே. நெருங்கிய லயன் அறைகளில் ஒரே துவாயும் ஒரே பாயும் பலருக்குப் பயன்படுவதால், ஒருவர் படை வீட்டார் யாவர்க்கும் தொற்றுகின்றது. ஒருவர்க்கு மட்டும் மருந்திட்டு மற்றையோரை விட்டுவிடின் நோய் வீட்டை விட்டு நீங்குவதில்லை.

அயல்நாடாகிய இந்தியாவில் இத்துன்பம் மிகப் பெரிதாக வளர்ந்தது. ஸ்டீரோயிட், பூஞ்சணக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் ஒரே டியூபிற் கலந்த களிம்புகள் அங்கே கடைகளில் தாராளமாக விற்கப்பட்டன. எந்நோயாயினும் இதில் ஒன்று கேட்கும் என்பது வாங்குவோர் எண்ணம். வழக்கமான மாத்திரைகளுக்கும் எளிதில் அடங்காத படை நாடெங்கும் பரவியதில் இக்களிம்புகளுக்குப் பெரும் பங்குண்டென அந்நாட்டுத் தோல்நோய் வைத்தியர்கள் எச்சரித்தனர். 2018 இல் இந்திய அரசு பல ஸ்டீரோயிட் களிம்புகளை வைத்தியர் எழுதிய துண்டின்றி விற்கலாகாது எனக் கட்டளை பிறப்பித்தது.

முகம் வேறு, முழங்கால் வேறு

அப்பிள்ளையின் முகத்துக்கு நேர்ந்தது மற்றொரு தீங்கு. நம் உடம்பின் தோல் எங்கும் ஒரே தன்மையதன்று. பூசிய ஹைட்ரோகோட்டிசோன் எவ்வளவு உடலினுள் ஊறுகின்றது என்பதை 1967 இல் பெல்ட்மன், மைபாக் என்னும் ஆராய்ச்சியாளர்கள் அளந்தனர். முன்கையில் ஊறும் அளவை 1 எனக் கொண்டால், நெற்றியில் அது 6 மடங்கு. தாடையில் 13 மடங்கு. உள்ளங்காலிலோ முன்கையின் ஏழிலொரு பங்கே ஊறிற்று. எனவே, கரடுபட்ட காற்றோலுக்கென வைத்தியர் எழுதிய வலிய மருந்தை ஓர் இளம் பெண் தன் கன்னத்திற் பூசுவது எத்துணைப் பெரிய பிழை என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் முகம் வெளுப்பதற்குக் காரணமும் உண்டு. இம்மருந்து தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. நிறத்தை உண்டாக்கும் கலங்களின் வேலையையும் குறைக்கின்றது. அதனை அழகென மயங்கி நாடோறும் பூசுவோர் பலர். நிறம் வெளுக்கவைக்கும் எனக் கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிலும் இம்மருந்து பெயர் குறிக்கப்படாமலே கலந்திருப்பதுண்டு. மாதங்கள் செல்லச் செல்லத் தோலுக்கு உறுதியளிக்கும் நார்கள் நலிந்து தோல் மெலிகின்றது. அக்குள், தொடைச்சந்து போன்ற இடங்களில் என்றும் மாறாத வரிகள் விழுகின்றன. கண்ணிமையில் நெடுநாட் பூசின் கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வைக்கே கேடு விளையலாம். பூசுவதை நிறுத்தினாலோ சுருங்கியிருந்த குழாய்கள் யாவும் விரிந்து, முகம் நெருப்புப் போற் சிவந்து எரிகின்றது. அவ்வெரிச்சலுக்கு அஞ்சி மறுபடியும் அதனையே பூசுகின்றனர். விடவும் முடியாமல் தொடரவும் முடியாமல் அவதியுறும் நிலை இது.

மறைக்கலாகாத நோய்கள்

மாத்தளை மாவட்டத்து வாசகர்கள் குறிப்பாக மனத்திற் கொள்ளவேண்டியது இன்னொன்று உண்டு. தம்புள்ளை, கலேவெலை முதலிய வடபகுதிகள் உலர்வலயத்தைச் சார்ந்தவை. மணல் ஈ கடிப்பதனால் தொற்றும் லீஷ்மேனியாசிஸ் என்னும் தோல்நோய் இலங்கையின் உலர்வலயத்திற் பரவி வருகின்றது. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் அறியப்பட்டார். 2008 முதல் அது சுகாதாரப் பகுதியினர்க்கு அறிவிக்கப்படவேண்டிய நோயாகும். அனுராதபுரம், குருநாகல், அம்பாந்தோட்டை போன்ற மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் இந்நோய்க்கு மாத்தளையும் விலக்கன்று. முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில் ஒரு சிறு கட்டி எழும். பெரும்பாலும் அது வலிக்காது, அரிக்காது. வாரக்கணக்கில் ஆறாமல் நடுவிற் புண்ணாகும். அதன்மேல் ஸ்டீரோயிட் களிம்பைப் பூசிக் காலம் போக்கலாகாது. அப்புண்ணிலிருந்து சிறிதளவு எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தே நோயை உறுதிசெய்வர்.

தொழுநோயும் அவ்வாறே. வெளிறிய அல்லது செந்நிறமான தேமல் ஒன்றில் தொடுவுணர்ச்சி குன்றியிருந்தால், களிம்பைத் தேடாது வைத்தியரைத் தேடவேண்டும். நேரத்தோடு கண்டறிந்தால் முற்றாகக் குணப்படுத்தக்க நோய் அது. இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்கான சிகிச்சை இலவசமாகவே அளிக்கப்படுகின்றது.

அச்சமும் பிழையே

இவ்வளவும் வாசித்தபின், 'இனி இம்மருந்தை வீட்டு வாயிலிலும் அண்டவிடோம்' என எவரேனும் முடிவு செய்வாராயின், நம் நோக்கம் தவறிப்போயிற்று என்றே வருந்துவோம். ஏனெனில் அதுவும் தீங்கே. கரப்பனால் இரவெல்லாம் சொறிந்து இரத்தம் கசிய அழும் கைக்குழந்தைக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மென்மையான களிம்பை, 'ஸ்டீரோயிட்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எறிந்துவிடும் பெற்றோரும் உளர். குழந்தை உறங்காது; தாயும் உறங்காள். சொறிந்த புண்ணிற் கிருமி புகும். தக்க நோய்க்கு, தக்க வலிமையில், தக்க நாட்களுக்குப் பூசினால் இம்மருந்தைப் போல் உதவுவது பிறிதொன்றில்லை.

அளவுக்கும் ஓர் எளிய கணக்குண்டு. வளர்ந்தவர் ஒருவரின் சுட்டுவிரலின் நுனி முதல் முதல் மடிப்புவரை டியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம் வரும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைகள் அளவான தோலுக்கு அதுவே போதும். 1991 இல் லோங், பின்லே என்போர் வகுத்த இக்கணக்கை இன்று உலகெங்கும் வைத்தியர்கள் கூறுகின்றனர். மருந்தை அள்ளி அப்புதலும் தவறு. அஞ்சி அஞ்சிப் புள்ளி வைத்தாற்போல் தடவுதலும் பயனற்றது.

நாம் செய்யத்தக்கவை

கடைக்காரரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது என்பதையும் நாம் அறிவோம். தோட்டத்துப் பெண்ணொருத்தி வைத்தியசாலைக்குச் செல்வதானால் ஒரு நாட் பேரை இழக்கவேண்டும், பஸ்ஸுக்குப் பணம் வேண்டும், வரிசையிற் காத்திருக்கவேண்டும். அயல் வீட்டு டியூபோ கைநீட்டினாற் கிடைக்கின்றது. ஆயினும் அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தியதற்கு எத்தனை மாதங்களைக் கொடுக்க நேர்ந்தது என்பதற்கு நண்பரின் மகளே சான்று.

ஆகவே, வைத்தியர் ஒரு களிம்பை எழுதித் தரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டு விடையை அத்துண்டிலேயே எழுதி வாங்குங்கள். இஃது எந்நோய்க்கு? உடம்பின் எவ்விடத்தில்? எத்தனை நாளைக்கு? அந்த நோயும் இடமும் நாளும் கடந்தபின் அம்மருந்தை மற்றொருவருக்கு அன்பினாற் கூடக் கொடாதீர்கள். பல மாதங்களாக முகத்திற் பூசிவருவோர் இதனை வாசித்த வேகத்தில் திடீரென நிறுத்திவிடவும் வேண்டா. எவ்வாறு குறைத்து நிறுத்துவது என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். அவரிடம் செல்கையில், பூசிய டியூபையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். வெட்கத்தால் அதை மறைப்பவர்கள் நோயையும் மறைத்தவராவர்.

நண்பரின் மகளை அடுத்த வாரமே கண்டியிலுள்ள தோல்நோய் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் கழுத்துத் தோலிலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி எடுத்துச் சோதித்து, படையே என உறுதிசெய்தார். அதற்குரிய மாத்திரை கொடுத்து, வீட்டார் யாவரையும் பார்த்தார். கழுத்து சில வாரங்களிற் குணமாயிற்று. முகம் தேற எட்டு மாதங்கள் சென்றன. முதல் இரு மாதங்கள் மிகக் கொடியவையாக இருந்தன எனவும், அக்களிம்பை மீண்டும் ஒருமுறை பூசினால் என்னவெனப் பலமுறை கை நீண்டதெனவும் அப்பிள்ளை நமக்குக் கடிதம் எழுதியிருந்தாள். கன்னத்துச் செந்நிற நரம்புகளிற் சில இன்னும் மறையவில்லையாம். ஆயினும் அதற்கடுத்த மாசி மகத்தன்று தங்கையின் கைபிடித்துத் தேர் பார்க்கப் போனதாக அக்கடிதத்தின் ஈற்றிற் குறித்திருந்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை; வீட்டார் எல்லாரும் ஒன்றாயிருக்கும் நாள். அலமாரியிற் கிடக்கும் டியூபுகளை வெளியே எடுத்து வைத்து, பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். யாருக்கு, எதற்காக வாங்கியது என்று சொல்ல முடியாத டியூபையும், பெயர் தேய்ந்துபோன டியூபையும் மீண்டும் அலமாரியில் வைக்காதீர்கள்.

அடுத்த வாரம், கைக்குழந்தைகளின் கரப்பனுக்கு வீட்டிற் செய்யத்தக்க பராமரிப்புப் பற்றி எழுதுவோம்.